ஜப்பானுக்கு வர வேண்டாம் என்று மணியன் மச்சானுக்கு

கேட்டி, டெக்சாஸ்
செப்டம்பர் 14, ஞாயிறு

மரியாதைக்குரிய மணியன் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் சுப்பையன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை நாகமணியும் சுகமாக இருக்கிறோம். உடுமலையில் நீங்களும் சாந்தாமணி அக்காவும் சுகமாக இருப்பது நீங்கள் அனுப்பிய வீடியோவிலேயே தெரிந்தது. தோப்பில் உதிர்ந்த தென்னங்குரும்பைகளை வரிசையாக வைத்து, மண்வெட்டிப் பிடியால் ஒவ்வொன்றாக அடித்து, "மாப்ள, ஜப்பானுக்கு நான் ரெடிங்" என்கிறீர்கள். நான்காவது குரும்பை மோட்டார் ரூம் கூரையைத் தாண்டிப் போனது. நான் பதினெட்டு வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறேன், அப்படி ஓர் அடி எனக்கு விழுந்ததில்லை. புதுப் பாஸ்போர்ட்டின் படமும் திருப்பூரில் எடுத்த ஸ்வெட்டரின் படமும் வந்து சேர்ந்தன. ஸ்வெட்டர் நன்றாக இருக்கிறது.

அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் "சொல்லுங்க மாப்ள" என்றதும் என் வாய் தானாக "எப்ப கிளம்பறீங்க" என்று கேட்டுவிட்டது. கடைசித் தடவை அங்குள்ள குளிருக்கு ஒரு மங்கி குல்லாவும் வாங்கச் சொல்லிவிட்டு வைத்தேன். பேனாவுக்கு உங்கள் முகம் தெரியாது என்பதால் இதில் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள். ஜப்பானில் கோல்ஃப் மைதானத்துக்குள் நுழையவே கோட் போட வேண்டும், நீங்கள் உங்கள் கல்யாண ரிசப்ஷனுக்கே கோட் போட மாட்டேன் என்று ரகளை செய்தவர். பாதி ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சாப்பாடு போடுகிறார்கள், சாப்பிட்டால் கட்டையைச் சாய்க்க வேண்டும் உங்களுக்கு, அங்கே மீதி ஒன்பது குழியையும் ஆடச் சொல்வார்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும், மீன் வாசம் அடித்தால் நீங்கள் தெருவையே மாற்றிப் போகிறவர். இதெல்லாம்கூடப் போகட்டும், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே வெந்நீர்த் தொட்டியில், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் இறங்கிக் குளிப்பார்கள். துண்டு கொடுப்பார்கள், ஆனால் அதை மடித்துத் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். திருமூர்த்தி அருவியில் பனியனோடு குளிக்கிற நீங்கள் இதற்கு எப்படிச் சம்மதிப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் உண்மைதான் மச்சான். ஆனால் காரணம் இது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச்சில் நான் ரிடையர் ஆனேன் அல்லவா, அடுத்த வாரமே எக்செல்லில் ஜப்பானுக்குத் திட்டம் போட ஆரம்பித்தேன். நவம்பரில் பன்னிரண்டு நாள். பெரிய ஊர்க் கூட்டம் வேண்டாம், கிராமப் பக்கம் போதும் என்று மலையடிவாரத்தில் நாலு கோல்ஃப் மைதானங்களைப் பிடித்தேன், இடையிடையே சுற்றிப் பார்க்க கிசோ பள்ளத்தாக்கு என்று ஓரிடம். அந்தக் காலத்தில் கால்நடையாகப் போனவர்கள் ராத்தங்கிப் போன பழைய ஊர்கள் அங்கே இருக்கின்றன, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் காட்டு வழியாக மூன்று மணி நேரத்தில் நடந்தே போகலாம், வழியில் கரடி கிட்டே வராமல் இருக்க அங்கங்கே மணி தொங்கவிட்டிருக்கிறார்கள், போகிறவர்கள் அடித்துவிட்டுப் போக வேண்டும் என்று சத்தமாகப் படித்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த நாகமணி நிமிர்ந்தாள். "ஏனுங்க, அங்க நாம ரெண்டு பேர் மட்டும் போலாமுங்களா?" என்றாள். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தை நிரப்பப் போய்விட்டேன்.

அவள் கேட்டதன் கனம் எனக்கு அன்று உறைக்கவில்லை. முப்பத்துநாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கே போனோம் என்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நயாகரா போனோம், ஊரிலிருந்து வந்த ஆறு பேரோடு. கிராண்ட் கேன்யன் போனோம், ஆபீஸ் நண்பனின் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு. மற்றபடி கிடைத்த லீவெல்லாம் ஊருக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு. தப்பாக நினைக்காதீர்கள் மச்சான், கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு அனுப்பி வைத்தபோதும் அம்பாசடரில் முன் சீட்டில் நீங்கள், பின் சீட்டில் நான், நாகமணி, சாந்தாமணி அக்கா, மடியில் ஒரு கட்டுச்சோற்றுக் கூடை. தாவரவியல் பூங்காவில் எடுத்த போட்டோவில் நீங்களும் நானும் தோளில் கை போட்டு நிற்கிறோம். நாகமணி அதில் இல்லை, கேமரா அவள் கையில் இருந்தது.

சரி, திட்டம் போட்டேன் அல்லவா, நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போவதாக இருந்தால் நாலு பேரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும், சொன்னால் "நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் மரியாதை இல்லை. கூப்பிடப்பட்டவர் "ஐயோ, எங்களுக்கு எங்கே முடியும், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும், அதுதான் அவர் மரியாதை. என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன். வாரா வாரம் என்னோடு ஆடும் வெங்கடகிருஷ்ணனிடம் சொன்னேன், அவர் "என்னய்யா, கரும்பு தின்னக் கூலி கேக்கணுமா, நாங்க ரெண்டு பேரும் வரோம்" என்றார். மறுநாள் டப்ளினில் இருக்கிற தன் தம்பியிடம் சொல்ல, அவர் தம்பதி சமேதராகச் சேர்ந்துகொண்டார். எங்கள் பையன் தீபக்குக்குப் பெண் கொடுத்த சம்பந்திகளை விட்டால் நன்றாக இருக்காது என்று அவர்களையும் கூப்பிட்டேன், வருகிறோம் என்றார்கள். அத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டு மச்சானிடம் சொல்லாமல் இருப்பதா என்று உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்க அக்காளுக்கு பாஸ்போர்ட் இருக்குதுங் மாப்ள, எனக்குத்தான் எடுக்கோணும்" என்றீர்கள்.

ஆக என்னோடு சேர்த்து ஒன்பது பேர். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினோம், அதில் இரண்டு வாரம் ரைஸ் குக்கர் யார் கொண்டு வருவது என்று ஓடியது. பிறகு வெங்கடகிருஷ்ணன் வீட்டு அபயாம்பாளுக்கு முழங்கால் வலி, காட்டுக்குள் மூன்று மணி நேரம் யார் நடப்பது, பேசாமல் வேன் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். வேனுக்கு ஏழு, நடைக்கு இரண்டு. அந்த ஏழில் என் ஓட்டும் ஒன்று, ஏனென்றால் வேன் இருந்தால் கோல்ஃப் பைகளை ஏற்றிக்கொள்ள வசதி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வீடியோ காலில் தீபக் என் எக்செல்லைப் பார்த்தான். "அப்பா, கோல்ஃப் டேஸ்ல செவன் டு த்ரீ அம்மா என்ன பண்ணுவாங்க?" என்றான். அவளுக்கென்று நான் ஒரு வரிசை வைத்திருந்தேன், அதில் 'சுற்றிப் பார்த்தல்' என்று எழுதியிருந்தேன், எதை என்று எழுதவில்லை. "கிளப் ஹவுஸ்ல ஒரு கடை இருக்குதுப்பா" என்றேன். "ஃபார் எய்ட் அவர்ஸ்?" என்றான். பிறகு, பயணத்துக்கு வராவிட்டாலும் குரூப்பில் இருக்கிற அவன் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா குரூப்லயே இல்லையே" என்றான். நான் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான் மச்சான், சேர்க்க மறந்திருந்தேன்.

உடனே சேர்த்தேன். அவள் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை, "ஏனுங்க, கடை வரைக்கும் கொஞ்சம் ட்ரைவ் பண்றீங்களா?" என்றாள். கையில் ஒரு டப்பா. கடையில் திருப்பிக் கொடுக்கிற வரிசையில் போய் நின்ற பிறகுதான் உள்ளே என்ன என்று தெரிந்தது. நடப்பதற்கென்று ஜூலையிலேயே ஷூ வாங்கி வைத்திருக்கிறாள். நான் கோல்ஃப் ஆடப் போன காலை நேரங்களில், இந்த டெக்சாஸ் வெயிலில், எங்கள் காலனிக் குளத்தை நாலு சுற்று சுற்றி அதைக் காலுக்குப் பழக்கியிருக்கிறாள். கவுண்டரில் இருந்த பெண், ஷூவில் என்ன குறை என்று கேட்டாள். "நோ நோ, ஷூஸ் வெரி குட். வாக்கிங் கேன்சல்" என்றாள் நாகமணி.

ஃப்ரீவேயில் திரும்பி வரும்போது கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் வழக்கம்போல, லேன் மாறும்போது பார்த்து மாறச் சொன்னாள், இரவுக்குச் சப்பாத்தியா தோசையா என்று கேட்டாள். அடுத்த நாள் நானே போய் அதே சைஸில் புது ஷூ வாங்கி வந்து கொடுத்தேன். "அது காலுக்குப் பழகியிருந்துச்சுங்க" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொருவராக வர வேண்டாம் என்று சொல்லி வருகிறேன். சம்பந்திகளிடம் தீபக்கே பேசிவிட்டான். வெங்கடகிருஷ்ணன் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, தம்பியிடமும் அவரே சொல்லிவிட்டார். மிச்சம் நீங்களும் அக்காவும். உங்களிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் பெண் கொடுத்த வீடு. தாரை வார்த்தபோது அவள் கையை என் கையில் வைத்து, "பாத்துக்குங்க மாப்ள" என்று கண்கலங்கினீர்கள். நான் வீடு வாங்கினேன், கிரீன் கார்டு வாங்கினேன், பிள்ளையைப் படிக்க வைத்தேன், அதையே பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் வாய் திறந்து கேட்டது இந்த ஒன்று. தயவுசெய்து வராதீர்கள் மச்சான். அடுத்த வருடம் நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருங்கள், எங்கே சொன்னாலும் கூட்டிப் போகிறேன்.

கோபம் இருந்தால் என் மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாகமணியிடம் காட்ட வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரன் பேத்திகள் நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் வேண்டும்,
சுப்பையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நாகமணியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். ஊட்டி வந்த இடத்தில் சிரித்தாள். படித்து முடித்து, "எட்டுப் பேர்த்த வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. இன்னும் ஒருத்தரு பாக்கிங்க" என்றாள். யார் என்று கேட்டேன். கராஜ் பக்கம் கையைக் காட்டினாள். என் கோல்ஃப் பை அங்கே நின்றுகொண்டிருந்தது. "அது வந்தா மூணு பேரு ஆயிருமுங்க" என்றாள். எனவே நாலு மைதானத்தையும் கேன்சல் பண்ணிவிட்டேன். கோட்டு, குளியல், குழி என்று முதல் பக்கத்தில் எழுதியதையெல்லாம் அடித்துவிடவும், மீன் சாறு மட்டும் இருக்கட்டும். மரியாதைக்காக எல்லோரையும் கூப்பிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதையும் அடித்துவிடுங்கள். ஆளும் இல்லை, ஆட்டமும் இல்லை, பன்னிரண்டு நாள் நானும் அவளும்தான் என்று ஆனதும், இன்னும் யாரைக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் புரிந்தது, உங்களையெல்லாம் நான் கூப்பிட்டது பயத்தில். தீபக், வீட்டுச் சாமான், யார் வீட்டு விசேஷம், இவற்றைத் தாண்டி நாங்கள் இருவரும் பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை மச்சான். இந்தப் பகுதியை அவளிடம் காட்டவில்லை. நீங்கள் அவளோடு ஒரே வீட்டில் இருபத்துமூன்று வருடம் இருந்தவர். எதைப் பற்றிக் கேட்டால் நாகமணி நிறுத்தாமல் பேசுவாள்? நவம்பர் மூன்றாம் தேதி விமானம். அதற்குள் எழுதிவிடுங்கள்.