ஒரு துளியும் ஒழுகாத பந்தல்

உலகத்தில் பொல்லாதவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். கேட்காமலே உதவி செய்ய ஓடி வருகிற ஆளைத்தான் சமாளிக்க ஏலாது. நான் அந்த இரண்டாவது வகை. என் மனைவி ஜெயந்தி இதை ஒரு வியாதி என்கிறாள். (மருந்தும் வைத்திருக்கிறாள். கடைசியில் சொல்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் குடியிருந்துகொண்டு, பக்கத்து நகரம் ஒன்றின் யூத ஜெபாலயத்தில் ஹவுஸ்மைஸ்டர் வேலை பார்த்தேன். பல்ப் மாற்றுவது, கதிரை அடுக்குவது, குளிருக்கு அறையைச் சூடாக்கும் ஹைட்ஸுங் சூடாகாவிட்டால் அதைத் தட்டுவது, அதற்கும் சூடாகாவிட்டால் திட்டுவது. நெற்றியில் திருநீற்றோடு ஒருவன் யூதக் கோயிலின் திறப்புக்கோர்வையைக் குலுக்கிக்கொண்டு திரிந்ததில் அங்கே ஒருவருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சமயம் படிப்பிக்கவும் இளைஞர் நிகழ்ச்சிகளை நடத்தவும் மிரியம் என்று ஒரு இளம் ஆசிரியையைப் புதிதாக எடுத்திருந்தார்கள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ரஷ்யாப் பக்கத்திலிருந்து அப்போதுதான் குடிவந்தவர்கள். அவர்களுடைய டொச்சு மொழியும் என்னுடைய டொச்சும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒட்டு. ஆனால் அவர்கள் வகுப்புக்கு வந்தது கீழறையில் இருந்த மேசை உதைபந்தாட்டத்துக்காக. மிரியம் கேள்வி கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அவள் என் அறையில் தேத்தண்ணி குடித்தபடி விஷயத்தைச் சொன்னாள். டொச்சில் சொன்னதை எங்கள் தமிழில் போடுகிறேன். (‘ஹெர்’ என்றால் ‘திரு’, அதை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

“ஹெர் சிவா, சுக்கோட் பெருநாளுக்கு ஹெர் லேவின் வந்து பிள்ளையளிட்டைக் கேள்வி கேக்கப் போறாராம். அதுகளுக்கு ஒண்டும் தெரியாட்டி வகுப்பையே நிப்பாட்டுறதாம். என்ரை வேலையும் போயிடும்.”

லேவின்தான் ஜெபாலயத்தின் நிர்வாகத் தலைவர். அகலத் தொப்பி, நீளத் தாடி. சிரித்து ஒருவரும் கண்டதில்லை.

“யோசியாதைங்கோ பிள்ளை, நான் இருக்கிறன்” என்றேன். (அந்த இடத்திலேயே அவள் பயந்திருக்க வேண்டும்.)

சுக்கோட் என்றால் முற்றத்தில் கொட்டில் போட்டு அதற்குள் இருந்து சாப்பிடும் பெருநாள். மிரியமும் பிள்ளைகளும் பலகைச் சுவர் நிறுத்தி, மேலே சலாகை வைத்து, அதன்மேல் மரக்கொப்புகளைப் போட்டார்கள். போட்டார்கள் என்று சொல்லக்கூடாது, எறிந்தார்கள். கொப்புக்கும் கொப்புக்கும் நடுவால் ஒரு பூனை தாராளமாக விழலாம். படிப்பிக்க வந்த பிள்ளைக்குப் பந்தல் போட எங்கே தெரியப்போகிறது என்று மனதுக்குள் மன்னித்துவிட்டேன்.

பெருநாள் அன்று பின்னேரம் எல்லாரும் குளித்து உடுத்து வரப் போய்விட்டார்கள். மழை தூறத் தொடங்கியது. வெள்ளை மேசைவிரிப்பில் ஒரு சொட்டு. பாணை மூடியிருந்த பட்டுத் துணியில் இன்னொரு சொட்டு. எங்கள் ஆட்களின் கலியாண வீட்டில் பந்தல் ஒழுகினால், பந்தல் போட்டவன் பிறகு அந்த ஒழுங்கையால் தலை நிமிர்ந்து போக முடியாது. அந்தப் பிள்ளையின் வேலை என் கண் முன்னாலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

கீழறையில் ஒரு நீலப் படங்கு, தார்ப்பாய்தான், கிடந்தது. ஏணியைக் கொண்டுவந்து, கலியாண வீட்டில் மேலே வெள்ளைத் துணி கட்டுவதுபோல, கொப்புகளுக்குக் கீழே அதை இழுத்து நாலு மூலையும் கட்டினேன். ஒரு துளி விழவில்லை. நீலம் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் வெட்டி வைத்த கடதாசி நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றையும் எடுத்து வந்து அடியில் ஒட்டினேன். என் முதுகை நானே தட்டக் கை எட்டவில்லை, அவ்வளவுதான் குறை.

முதலில் ஹெர் லேவின் வந்தார். பின்னால் பிள்ளைகள், கடைசியாக மிரியம். அவள் அண்ணாந்து பார்த்தாள். முகம் மேசைவிரிப்பின் நிறத்துக்கு வந்தது.

“வானம் எங்கை?” என்று கேட்டார் லேவின்.

“வெளியிலை” என்றேன்.

“நட்சத்திரம்?”

நான் சந்தோஷமாக மேலே கையைக் காட்டினேன். “இஞ்சை பாருங்கோ. எத்தினை வேணும்?”

மிரியம் என் காதுக்குள் சொன்னாள். “ஹெர் சிவா, இந்தக் கூரையிலை இடைவெளி இருக்கத்தான் வேணும். நட்சத்திரம் தெரியவேணும், மழையும் உள்ளை வரவேணும். மூடினால் இது பெருநாள் கொட்டிலே இல்லை.”

பொழுதுபட்டால் பெருநாள் தொடங்கிவிடும், பிறகு எதையும் கட்டவோ அவிழ்க்கவோ கூடாது. லேவின் என்னைப் பார்க்கவில்லை, மிரியத்தைப் பார்த்தார். “நான்தான் கட்டினனான், நானே அவிழ்க்கிறன்” என்று ஏணியில் பாய்ந்து ஏறினேன். முடிச்சு அவிழவில்லை. (கட்டியது யார்?) கத்தியால் ஒரு மூலையை வெட்டினேன்.

பின்னேரம் முழுக்கப் பெய்த மழை அந்தப் படங்கில் தொந்தி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தொந்திக்கு நேர் கீழே ஹெர் லேவின் நின்றார்.

தொப்பி போனது. பிறகு மூக்குக்கண்ணாடி போனது. தாடியில் இரண்டு கடதாசி நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டன. மிரியம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளைகளில் ஆகச் சின்னவள் ஆன்யா, கொப்புகளுக்கு நடுவால் மேலே பார்த்தாள்.

“இப்ப சரி” என்றாள்.

லேவின் குனிந்தார். “என்ன சரி?”

“இப்ப மழை உள்ளை வருது.”

“ஏன் வரவேணும்?”

அவ்வளவுதான். வகுப்பில் வாயே திறக்காததுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தின. பாலைவனத்தில் வீடில்லாமல் அலைந்தது, கொட்டிலில் படுத்தது, கூரையை நம்பாமல் மேலே இருக்கிறவரை நம்பியது. மிரியம் கிழமைக்கணக்காகப் படிப்பித்தது அத்தனையும் அங்கே வந்து விழுந்தது.

லேவின் தாடியைப் பிழிந்தார். “பிள்ளையளுக்கு விளங்கியிருக்கு” என்றார். “எனக்கும் நல்லா விளங்கியிட்டுது.”

மிரியத்தின் வேலை நிரந்தரமானது. என்னையும் நிறுத்தவில்லை, ஏனென்றால் பாடத்துக்கு நான் தேவைப்பட்டேன். ஒவ்வொரு வருடமும் அவள் என்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, “இவர்தான் வானத்தை மூடினவர்” என்பாள். பிள்ளைகள் கொப்பி திறக்கத் தேவையில்லை.

போன கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அன்னதான வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் ஒரு படங்கு கிடப்பது எனக்கு ஞாபகம் வந்தது. கால் தன்பாட்டில் திரும்பியது. பின்னால் ஜெயந்தியின் குரல் கேட்டது. (இதுதான் அந்த மருந்து.)

“இஞ்சாருங்கோ, பேசாமல் நில்லுங்கோ. அம்மாளாச்சி எங்களைப் பாக்கவேணும்.”

கதை தெரிந்த எங்கள் சனம் முழுக்கச் சிரித்தது. நான் தொப்பலாக நனைந்தபடி தட்டை நீட்டினேன்.