கால் வரையாத ஓவியர்

சிருஷ்டிக்கப்பட்ட ஜீவராசிகளில் தன் நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு நடப்பது ஒன்றே ஒன்றுதான். அதற்கு மைதானத்து ஓவியர் என்று பெயர். காலேஜும் கிரிக்கெட்டும் சேர்ந்து வந்து குடியேறிய ஊர்களில் மட்டுமே இந்த இனம் வாழும். ஆகையால் நாகர்கோவிலில் உண்டு, கடலோரத்து இனயத்தில் கிடையாது. சாயங்காலம் நாலரை மணிக்கு, ஒரு கக்கத்தில் மடக்கு நாற்காலி, மறு கக்கத்தில் அட்டை போட்ட பெரிய நோட்டு, கையில் குடை, காதில் பென்சில், யாரோ வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள் என்ற அவசரம், இத்தனையும் சுமந்துகொண்டு ஒருவர் உங்களைக் கடந்து போனால் ஒதுங்கி வழி விடுங்கள். யாரும் காத்திருக்கவில்லை. இருந்தாலும் விடுங்கள்.

வெறும் ஓவியர் வேறு. வெறும் கிரிக்கெட் பைத்தியம் வேறு. அவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. இவர் இரண்டும் சேர்ந்தவர். படம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், ஆட்டம் அப்படி இருந்தது, கண்ணை எடுக்க முடியவில்லை என்பார். சரி, ஆட்டத்தில் யார் எத்தனை அடித்தார்கள் என்று கேட்டால், படத்தில் ஆழ்ந்துவிட்டேன் என்பார். ஒரு பைத்தியம் உள்ளவரைக் கேள்வி கேட்டு மடக்கலாம். இரண்டு உள்ளவரை எப்படி மடக்குவது?

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கும் ரசலையன் நல்ல மனிதர். சபையில் நல்ல பெயர், கச்சேரியில் நல்ல கையெழுத்து. தினம் ஒரு படம் என்பது அவருடைய விரதம். விடியற்காலையில் குடும்ப ஜெபத்துக்கு முன்னால், அகப்பட்டதை வரைவார்: பால் செம்பு, கிணற்றுக் கப்பி, ஜெபத்துக்குக் கூப்பிட வந்த மனைவி. சாயங்காலம் காலேஜ் மைதானத்தில் ஆட்டக்காரர்களை வரைவார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி போடுவார். ஓய்வுநாளில் வேலை கூடாதென்பதால் ஞாயிற்றுக்கிழமை பென்சிலைத் தொடமாட்டார். பிரசங்கம் நடக்கும்போது போதகரை மனத்துக்குள் வரைந்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் தாளில் இறக்கிவிட்டு, ஞாயிறு தேதியைப் போடுவார். விரதம் முறியவில்லை. ஓய்வுநாளும் முறியவில்லை. இந்தச் சாமர்த்தியத்தைக் கச்சேரிக் கோப்புகளில் காட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் தாசில்தாராகியிருப்பார்.

பத்து வருஷத்தில் முப்பது நோட்டு நிறைந்துவிட்டது. முகம் நன்றாகவே வரும். யார் முகம் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தோள் வரும். கை சுமாராக வரும். இடுப்புக்குக் கீழே இறங்கும்போதுதான் ஒரு விசேஷத்தைக் கவனிப்பீர்கள். அவருடைய மனிதர்கள் எல்லோரும் முழங்கால் வரை புல்லுக்குள் நிற்பார்கள். பந்து வீசுகிறவர் புல்லுக்குள்ளிருந்து வீசுவார்; அடிக்கிறவர் புல்லுக்குள் நின்று அடிப்பார்; இருவருக்கும் நடுவே நிற்கும் அம்பயர், ஏதோ வயல் வரப்பில் வழி தவறியவர்போல் நிற்பார்.

ரசலையனுக்குக் கால் வராது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த இனத்தவர் எவரும் ஒன்று வராது என்று சொல்வதில்லை. அது இல்லாத மாதிரி ஓர் உலகத்தைப் படைத்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி ஜெபகனி படம் பார்க்கத் தெரிந்தவரல்ல; ஆனால் எண்ணத் தெரிந்தவர். ஒருநாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இத்தனை பேரை வரைஞ்சியளே, ஒருத்தருக்காவது காலு கெடையாதா?"

"ஓடுத காலு கண்ணுல நிக்காதுட்டி. அதாக்கும் கலை."

"குத்தவச்சிருக்க ஆளுக்கும் காணல்லியே?"

வெளிச்சம் போதவில்லை என்று ரசலையன் நோட்டை மூடிவிட்டார். அப்போது காலை பத்து மணி.

வேதாகமக் காட்சிகளை வரைந்து சபைக்குக் கொடுப்பதும் உண்டு. அவர் தேர்ந்தெடுத்த காட்சிகளைச் சேர்த்துப் பாருங்கள்: யோர்தான் நதியில் இடுப்பளவு தண்ணீரில் ஞானஸ்நானம், மீனின் வாயிலிருந்து பாதி வெளிவந்த யோனா, கடல்மேல் நடந்த பேதுரு, நடந்தபோது அல்ல, அமிழத் தொடங்கிய பிறகு. ஒரு பெரிய வியாழக்கிழமைக்கு முன், ஒன்றும் அறியாத போதகர், சீஷருடைய பாதங்களைக் கழுவிய காட்சி வேண்டும் என்று கேட்டுவிட்டார். ரசலையனுக்கு மூன்று வாரம் தூக்கமில்லை. படம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு பேரும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருடைய கால்களும், நெல் அவிக்கும் குட்டுவம் போன்ற ஒரே பாத்திரத்துக்குள் இருந்தன. போதகர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி, வெளிச்சம் குறைந்த ஒரு சுவராகப் பார்த்து மாட்டச் சொன்னார்.

இனி மைதானத்துக்கு வருவோம். எங்கள் காலேஜ் மைதானம் சுத்தமான செம்மண் சரள். நடுவே பாய் விரித்து, நாலு பக்கமும் ஆணி அடித்து, அதன்மேல்தான் ஆட்டம். பாய் விரிப்பதும், எல்லையில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் காவற்காரர் ஞானையனின் வேலை. மழைக்காலத்தில் தப்பித் தவறி முளைக்கும் புல்லை ஞானையனின் ஆடு கவனித்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் அது சுவரில் ஒட்டிய நோட்டீசைத் தின்று உயிர் பிழைக்கும். ஒருமுறை ரசலையனின் நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. அந்த மைதானத்தில் அந்தப் பக்கங்களில் மட்டுந்தான் புல் இருந்தது என்பதை ஆட்டின் சார்பில் சொல்லவேண்டியிருக்கிறது.

எல்லைக் கோட்டுக்கு வெளியே, இரண்டு முழம் தள்ளி, குடையின் கீழே ரசலையன் உட்கார்ந்திருப்பார். ஆட்டத்தில் தகராறு வந்தால் தாமாகவே எழுந்து நின்று தீர்ப்புச் சொல்வார். "கண்ணு ஏமாத்தும், பென்சில் ஏமாத்தாது" என்று நோட்டைத் தட்டிக் காட்டுவார். பத்து வருஷமாகத் தட்டினார். யாரும் நோட்டைத் திறந்து காட்டச் சொன்னதில்லை. இந்த இனத்தவரின் கீர்த்தி முழுவதும் யாரும் திறந்து பார்க்காத நோட்டில்தான் இருக்கிறது.

திறக்கச் சொன்ன நாளும் வந்தது. முப்பத்துநாலாம் வருஷம் தை மாதம், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு காலேஜ் அணி வந்திருந்தது. அவர்களுடைய கடைசி ஆள் ஆடிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு ஓட்டம் எடுத்தால் அவர்களுக்கு வெற்றி. அவர் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். அது உயர்ந்து, காற்றில் ஊசலாடி, நேரே ரசலையனின் குடையை நோக்கி இறங்கியது. எல்லையில் நின்றவன் நீலகண்டன். பூதப்பாண்டிப் பக்கத்து வேளாளப் பையன். பூட்ஸ் கடிக்கிறது என்று வெறுங்காலோடு ஆடுகிறவன். பொய் சொல்லத் தெரியாததற்காக விடுதியில் கேலிக்கு ஆளானவன். பந்தின் பின்னாலேயே ஓடி, அண்ணாந்து, கோட்டருகில் அதைப் பிடித்துவிட்டான்.

கோட்டுக்கு உள்ளே நின்று பிடித்திருந்தால் எங்களுக்கு ஜெயம். ஒரு கால் வெளியே பட்டிருந்தால் அவர்களுக்கு ஆறு ஓட்டம், அவர்களுக்கு ஜெயம். பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அதற்குள் ஊர் முழுவதும் கூத்தாடிக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டது. ஞானையனின் கோடு ஆயிரம் பாதங்களில் ஒட்டிக்கொண்டு நாலு திக்கும் போய்விட்டது.

நீலகண்டன் உள்ளேதான் நின்றேன் என்றான். பொய் என்றார் அடித்தவர். அம்பயர் இருவரும் தூரத்தில் நின்றவர்கள், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு காப்டன்களும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கோட்டருகில் இருந்த ஒரே மனிதர் அந்தப் படம் போடுகிறவர், அவரைக் கேட்போம். உள்ளே என்றால் உள்ளே, வெளியே என்றால் வெளியே. அவர் பார்க்கவில்லை என்றால், பிடித்த பையனின் வார்த்தையையே ஏற்றுக்கொள்வோம். கனவான்களுக்குரிய ஏற்பாடு. அதை ரசலையனுக்கு ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் விளக்கினார்கள்.

ரசலையன் உண்மையில் என்ன பார்த்தார்? பந்து உயர்ந்ததைப் பார்த்தார். நீலகண்டனின் முகம் மேலே திரும்பியதைப் பார்த்தார். அந்த முகத்தை நாலே கோட்டில் தாளில் பிடித்தும்விட்டார். கைகள் குவிந்ததைப் பார்த்தார். அதற்கும் கீழே வரவேண்டிய நேரத்தில், பத்து வருஷப் பழக்கப்படி, தலையைக் குனிந்து புல் போடத் தொடங்கிவிட்டார்.

பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். பையன் பிழைப்பான், காலேஜ் பிழைக்கும், உண்மையும் பிழைக்கும். பிழைக்காமல் போவது ஒன்றுதான்: பத்து வருஷமாகத் தட்டிய அந்த நோட்டு.

நீலகண்டன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சும்மா சொல்லுங்க அண்ணாச்சி. பாத்ததைச் சொல்லுங்க, போரும்."

திருவனந்தபுரத்து அம்பயர் கையை நீட்டி நோட்டை வாங்கித் திறந்தார். பென்சில் தூள்கூட உதிராத படம். அதே முகம், அதே கைகள், கைகளுக்குள் பந்து. இடுப்புக்குக் கீழே செழிப்பான புல். அம்பயர் படத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கால் எங்கே என்று மரியாதையாகக் கேட்டார்.

ரசலையன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புல்லு மறைச்சிட்டு" என்றார்.

ஐந்நூறு பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். செம்மண் சரள், கண்ணுக்கெட்டின தூரம் வரை. கோடு அழிந்த துக்கத்திலிருந்த ஞானையன்தான் கடைசியில் கேட்டார்:

"இங்க புல்லு உண்டுமுன்னா எனக்க ஆடு எதுக்கு சார் இந்தக் கோலத்துல நிக்கி?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீலகண்டன் சிரிக்கவில்லை. திருவனந்தபுரத்து அம்பயர் சிரித்துவிட்டு, மிகவும் நியாயமாக யோசித்தார். இவர் இந்த ஊர்க்காரர். இந்தக் காலேஜின் அபிமானி. இரண்டு முழத் தூரத்தில் இருந்தவர். பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவரே உள்ளே என்று சொல்ல மனம் வராமல், இல்லாத புல்லைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்றால், கால் எங்கே இருந்திருக்கும்? கையை உயர்த்தி ஆறு ஓட்டம் என்றார். திருவனந்தபுரத்துக்காரர்கள் ஜெயித்து, காபி குடித்து, பஸ் ஏறிப் போனார்கள். ஏறும்போது ஒருவர் நீலகண்டனின் முதுகைத் தட்டி, பொய் சொன்னாலும் நன்றாய்ப் பிடித்தாய் என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் அன்று விடுதியில் சாப்பிடவில்லை.

ரசலையன் கல் நெஞ்சக்காரர் அல்ல. அன்று வீட்டுக்குப் போனதும் நாற்காலியை மூலையில் சாத்தினார். ஒரு வாரம் மைதானத்துக்கு வரவில்லை. விடியற்காலையில் ஜெபகனியை முற்றத்தில் நிற்கச் சொல்லி, ஞாயிறு நீங்கலாக ஆறு நாளும் அவர் காலையே வரைந்தார். ஜெபகனியும், உலை கொதிக்கிறது, பால்காரி வந்து நிற்கிறாள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு நின்றார். எட்டாம் நாள் நோட்டோடு விடுதிக்குப் போய், நீலகண்டனைக் கூப்பிட்டு, ஒரு பெரிய தாளை நீட்டினார். பிராயச்சித்தம்.

கால்கள் வந்திருந்தன. பத்து விரலும், குதிகாலும், நரம்பும், வெறும் செம்மண்ணும். கால்களுக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, பளீரென்று சுண்ணாம்புக் கோடு. சந்தேகத்துக்கே இடமில்லை, உள்ளேதான் நிற்கின்றன. ஆனால் காலிலிருந்து தொடங்கி, பத்து வருஷக் கடனைத் தீர்க்கும் ஆசையோடு பெரிதாக வரைந்துகொண்டே மேலே போனதால், மார்பு வருவதற்குள் தாள் முடிந்துவிட்டது. தலை இல்லை. பந்தும் இல்லை.

நீலகண்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றான். "இது யாருக்க காலு?"

ரசலையன் வாயைத் திறந்தார். பையன் அவரைச் சொல்லவிடாமல், மெதுவாகவே சொன்னான்: "பாக்கல்லண்ணு அண்ணைக்கே சொல்லியிருந்தியன்னா, இது ஒண்ணும் வேண்டாம்."

படத்தை அவன் வாங்கிக்கொண்டான். பெரியவர் கொடுத்ததை மறுக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளை. அடுத்த வாரமே ரசலையன் நாற்காலியும் குடையுமாய் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது நோட்டைத் தட்டுவதில்லை. கால் நன்றாக வருகிறது என்றும் கேள்வி. ஞானையனின் ஆடு அவரைக் கண்டால் மட்டும் ஏனோ நம்பிக்கையோடு கிட்டே போகிறது.

நமக்கென்ன, நாம் படமும் போடுவதில்லை, பந்தையும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். இந்தப் பத்திரிகையை மூடி வைத்ததும் பக்கத்திலிருப்பவர், இதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று உங்களைக் கேட்கலாம். நடுவில் இரண்டு பத்தியை நீங்கள் தாண்டி வந்தது உங்களுக்குத் தெரியும். நான் முழுவதும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்படியல்லாமல், "விஷயம் என்னவென்றால்..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பீர்களானால், தயவுசெய்து சற்றுக் குனிந்து பாருங்கள்.

முழங்கால் வரை பச்சையாக இருக்கும்.