ஆடாதொடைக்காரர் முன்னால் வாய் திறந்தவர்கள்

காஞ்சிபுரத்தில் பெருமாளைச் சேவிக்காதவர்கள்கூட இருக்கலாம். ஆடாதொடைக்காரர் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டாத காசநோயாளி ஒருவர்கூட இருந்ததில்லை.

பட்டுக்குச் சாயம் போடுவது அவர் தொழில். ஒருநாள் இடது கை பச்சை, வலது கை மாம்பழ மஞ்சள் என்று வந்து நின்றபோது எதிர்வீட்டு நாய் குரைக்கவே மறந்துவிட்டது. விடிந்ததும் சைக்கிளில் ஒரு பிளாஸ்கோடு காசநோயாளிகளின் வீடுகளுக்குப் புறப்படுவார். உள்ளே ஆடாதொடை இலையும் திப்பிலியும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். பதம் பார்க்க ஒரு பட்டு இழையை அதில் முக்குவார். இழையில் நிறம் ஏறாவிட்டால் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி காய்ச்சுவார்.

அவரிடம் ஒரே சட்டம்தான்: மாத்திரையை அவர் கண்ணெதிரே விழுங்கினால்தான் கஷாயம். இலை இருமலைத் தணிக்கத்தான், கிருமியைக் கொல்வது மாத்திரை என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். கருடசேவைக் கூட்டத்தில் கைகூப்பி நின்ற ஒருவரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவரை பெருமாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

செவிலிமேட்டில் என்னோடிருந்த தம்பி சேகருக்கு, வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை. தினமும் வாந்தி. மாத்திரையால் உடம்பு வேறு கறுத்தது. அவன் அழுதபோது ஆடாதொடைக்காரர் அவன் கையைத் தடவிப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஏறிக்கினு இருக்குது. பாதியில எடுத்தா சாயம் நிக்காதுபா. முழுசா முக்கணும்.”

சேகர் வாந்திக்கு நடுவிலும் சிரித்தான்.

நான் முப்பது வருடம் வேதியியல் கற்பித்தவன். ஆடாதொடைச் சாறு ஆய்வுக்கூடத் தட்டில் அந்தக் கிருமியை அடக்கியதாக எங்கோ படித்தேன். தட்டு வேறு, தம்பியின் நுரையீரல் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. அவன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கஷாயமே போதும் என்று முடிவு செய்தேன். ஆடாதொடைக்காரர் நாக்குக்கு அடியில் பார்ப்பார், கன்னத்தில் பார்க்க மாட்டார். அதனால் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்க நானே சேகருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் போனதும் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் துப்புவான். வாந்தி நின்றது. முகம் தெளிந்தது. நான் பெருமைப்பட்டேன்.

துப்பத் தொடங்கிய நாலாம் மாதம் ரத்தமாக இருமினான். ஐந்தாம் மாதம் அவன் இல்லை.

துக்கத்துக்கு வந்த ஆடாதொடைக்காரர் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பினார். நேரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆண்டு அதே நோய் எனக்கு வந்தது. மாத்திரை தொடங்கிய முதல் நாளே வாசலில் சைக்கிள் மணி.

“அவனைத் துப்பச் சொன்னது நான்தான்” என்றேன்.

“கல்லுக்குப் பின்னால பாத்தேன், சார்.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“மாத்திரையப் போடு சார். கஷாயம் ஆறிக்கினு இருக்குது.”

விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். நாக்கைப் பார்த்தார். பிறகு மஞ்சள் விரலால் என் இரண்டு கன்னங்களையும் இழுத்துப் பார்த்தார். தினமும் பார்த்தார்.

ஒரு மாத்திரை விடாமல் முடித்தேன். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் என் நாக்கு தானாக மேலே எழும்புகிறது.