காய்ச்சல் இல்லாத ஊரில் ரொட்டி ஆலை

வில்லியனூருக்கு மேற்கே இருந்த பெரிய ரொட்டி ஆலை, சகல சட்டதிட்டங்களையும் அனுசரித்து, முறைப்படி திவாலானது. கேட்டில் அரக்கு முத்திரை விழுந்தது. ஆலை அடுப்படியில் வருஷக்கணக்காக வெந்த தணிகைவேல், மற்றவர்களோடு தெருவுக்கு வந்தான். வேலை போனதைவிட, அதை மனைவி ஆதிலட்சுமியிடம் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை.

ஆலை ஏன் நொடித்தது என்று கண்டறிய விசாரணை அதிகாரி நடேசன் வந்து சேர்ந்தார். கறாரான மனிதர். ஜீப்பை விட்டு இறங்குமுன்பே நாற்காலி கேட்டார்.

"ரொட்டி ஏன் விக்கலை?"

"யாரும் வாங்கலைங்க," என்றான் தணிகைவேல்.

"ஏன் வாங்கலை?"

"யாருக்கும் காய்ச்சல் வரலைங்களே."

அதிகாரி பேனாவை மூடினார். "காய்ச்சலுக்கும் ரொட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இன்னா சார் இப்பிடிக் கேக்கறீங்க? காய்ச்சல்னா ரெண்டு துண்டைப் பால்ல தொட்டுக் குடுப்போம். எழுந்து உக்காந்துட்டா சோறுதான். நல்லா இருக்கறவன் எவனாவது ரொட்டி துன்னுவானா?"

"நீ தின்னதில்லையா?"

"நான் இன்னா சீக்காளியா?"

அதிகாரி யோசித்தார். தர்க்கத்தில் பிசகே இல்லை. ரொட்டி விற்காததற்குக் காரணம் ஆரோக்கியம். ஆரோக்கியத்துக்குக் காரணம் வீடு வீடாகக் கொசு மருந்து அடித்த சுகாதாரத் துறையினர். 'ஒரு துறையின் அளவுகடந்த ஊக்கத்தால் ஒரு தொழிலுக்கு நேர்ந்த இழப்பு' என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடம் அதிசயமாக உடனே அசைந்தது. மறு உத்தரவு வரும்வரை மருந்தடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதிகாரிக்கு மாலை போட்டார்கள். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியவன் தணிகைவேல். பாவம், வேலை திரும்பக் கிடைக்கும் என்று மனதார நம்பினான்.

கொசுக்கள் அரசாணையை மதித்து நடந்தன. மழை ஓய்ந்ததும் ஊரே போர்த்திக்கொண்டு படுத்தது, தணிகைவேலும்தான். ஆதிலட்சுமி ஷேக் மைதீன் மளிகைக்கடைக்கு ஓடினாள். அங்கே ஒரே கூட்டம். நடுவில் அதிகாரியின் பியூனும் முண்டிக்கொண்டிருந்தான். அதிகாரி பங்களாவில் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

"பாய், ரொட்டி குடுங்க. வூட்டுக்காரருக்கு ஒடம்பு கொதிக்குது."

"ஆலையத்தான் மூடிட்டாங்களேம்மா. டவுன்ல சுடறது டவுனுக்கே பத்தலையாம்."

பியூன் வெறுங்கையோடு திரும்பினான். "ரொட்டிக்கு ஊரே அடிச்சிக்குது சார்."

நடேசன் கம்பளிக்குள்ளிருந்தே இறுதி அறிக்கை எழுதினார்: 'இப்பகுதியில் ரொட்டிக்குக் கடும் கிராக்கி நிலவுவது ஐயமற நிரூபணமாகிறது. அவ்வாறிருந்தும் ஆலை நொடித்ததற்குத் தொழிலாளர்களின் அசிரத்தையே காரணம். இவர்களுக்கு மீண்டும் வேலை அளிப்பது உசிதமன்று.'

சேதி கேட்டு ஆதிலட்சுமி அதிகாரியைத் திட்டித் தீர்த்தாள். தணிகைவேல் முனகிக்கொண்டே அவளை அடக்கினான்.

"அவர் எழுதனதுல இன்னா தப்புடி? ஊருக்கே ரொட்டி வேணும், நாங்க ஒரு துண்டு கூட சுட்டுப் போடலியே."