காலிஃபிளவரும் கல்யாணமும்

மூளையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது தும்மினால்கூட, அது எந்தப் பகுதியிலிருந்து புறப்பட்டது என்று சொல்லாமல் விடமாட்டார்கள். நான் அப்படித்தான் இருந்தேன். விலங்கியல் பட்டம், செங்கல்பட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன், அது போதாதென்று கைப்பேசியில் படித்த அரைகுறை மருத்துவம். (நரம்பியல் நிபுணர் என்று பலகை மாட்டாததுதான் பாக்கி.)

அப்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு வசவுச் சொல்: பேமானி. பசித்தாலும் பேமானி, விசிறியைப் போடச் சொன்னாலும் பேமானி. பயணிகளைக்கூட வாங்க போங்க என்று பேசிய மனிதர்.

அந்த நேரத்தில்தான் அணுபுரம் குடியிருப்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"உங்கப்பா உள்ளயே இருக்கட்டும். வந்தவங்கள அந்த வார்த்த சொல்லிட்டாருன்னா இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

"நோய ஒளிச்சி வெக்கக் கூடாதும்மா. நான் சயின்ஸா எடுத்துச் சொல்றேன். நீ சும்மா இரு."

அப்பாவுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா கும்பிட்டு, "நல்லாக்கீறீங்களா?" என்று கேட்டார். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, இடது கையை நெஞ்சில் வைத்து, "பேமானி" என்றார்.

பஜ்ஜி கடிக்கிற சத்தம் நின்றது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. சமையலறைக்கு ஓடி ஒரு முழுக் காலிஃபிளவரோடு திரும்பினேன். (பட்டுச் சேலை, தலையில் மல்லிகை, கையில் காலிஃபிளவர். அந்தப் புகைப்படத்தை யாரும் எடுக்கவில்லை என்பதற்குக் கடவுளுக்கு நன்றி.)

"இதான் பெருமூளைன்னு வெச்சிக்கோங்க. எடது பாதி, ஒடம்போட வலது பக்கத்தப் பாத்துக்கும். பின்னால பார்வை. அடியில சிறுமூளை, நடக்கும்போது தள்ளாடாம இருக்க. இந்தத் தண்டு முகுளம், மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் இங்க." இடப்பக்கம் முன்னாலிருந்து ஒரு பூவைக் கிள்ளித் தட்டில் போட்டேன். "வார்த்தைய உருவாக்கற எடம் இது. அப்பாவுக்கு இதான் போச்சி. வாய் தவறி வர்ற திட்டு மட்டும் வேற வழியா வந்துடும்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டை எட்டிப் பார்த்தார். "அத்த திருப்பி ஒட்ட முடியாதாம்மா?"

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "நாம பேசறதாவது அண்ணனுக்குப் புரியுதா?"

டாக்டர் இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே. காதுக்கு மேலே வரும் இடத்திலிருந்து இன்னொரு பூவையும் கிள்ளினேன்.

"புரியாதுங்க. இதுவும் போயிருக்கும். நாம பேசறதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்க வேண்டிய கை மடியில் அசையாமல் கிடந்தது. பிறகு சன்னமான குரலில், என் முகத்தைப் பார்த்து, "பேமானி" என்றார்.

மாதக்கணக்கில் கேட்ட சொல். அன்றுதான் அது அதன் சொந்த அர்த்தத்தில் வந்தது.

"புரியுதே!" என்றார் தாய்மாமன்.

அம்மா வந்து அப்பாவின் கண்ணைத் துடைத்தாள். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். மறுநாள் தரகர் போனில் சொன்னார்: "பெத்த அப்பன பக்கத்துல வெச்சிகினே இப்டிப் பேசற பொண்ணு, நாளைக்கி எங்களுக்கு ஒண்ணுன்னா இன்னா பேசுமோன்னு கேக்கறாங்கமா." அந்தக் காலிஃபிளவரை அம்மா குழம்பில் போட்டாள். நான் சாப்பிடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி பிறகு வந்து, "கதவக் காட்டுங்க, கண்ண மூடுங்க, மகளக் காட்டுங்க" என்று அப்பாவைச் சோதித்தார். அப்பா எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். என்னைக் காட்டும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பெருமூளையின் எந்த மடிப்பு அப்படித் தயங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அன்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் இடது கையால் என் தலையைத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே கையைத் தலைமேல் வைத்தார்.

போன வருடம் தம்பிக்குப் பெண் பார்க்கக் கடப்பாக்கம் புறப்பட்டார்கள். நானும் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, அவங்க வூட்லயும் ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லையாம். நீ வராத, நீ ஆரம்பிச்சிடுவ" என்று சொல்லிவிட்டு, தம்பி அப்பாவைக் காரில் ஏற்றினான்.

சம்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் வாளியோடு குனிந்து நிற்க, அம்மா ஒவ்வொரு இலைக்கும் சொல்லிக்கொண்டு போனாள்: "பேச வராதவர இட்டுகினு போயி பையனுக்கு முடிச்சோம். பேசத் தெரிஞ்சவ இதோ, வூட்லயே கீறா."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினேன்.