சிறுநீரில் செம்மறி

பட்டியல் போட்டு வேலை செய்கிறவள் தவறு செய்ய மாட்டாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பட்டியலில் எழுதிய தவறுகளைச் செய்ய மாட்டாள், அவ்வளவுதான்.

கண்டியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில், புரதங்களைப் பகுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை. நிரந்தரமாக்க இன்னும் ஒரு மாதம். (நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.) சிறுநீரக ஆய்வுக்கு முப்பது பேரின் சிறுநீர் வேண்டும் என்றதும், "எங்கள் டயகமத் தேயிலைத் தோட்டத்திலேயே எடுக்கலாம்" என்று முந்திக்கொண்டவள் நான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் விடியற்காலையிலேயே கடை விரித்தேன். கையுறை, தலையுறை, ஐஸ் பெட்டி என்று பதினாலு விதிகள். பதினாலுக்கும் சரி போட்டேன். குளிர் தாங்காமல், வெள்ளைக் கோட்டுக்கு மேல் அம்மா பின்னிய கம்பளிச் சுவெட்டரை மாட்டிக்கொண்டு மாதிரிகளைச் சின்னக் குழாய்களில் ஊற்றினேன். சுவெட்டர் பட்டியலில் இல்லை.

"இத வச்சு என்ன பாப்பீங்க பாப்பா?" என்றார் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் ராசாத்தி அத்தை.

"மாஸ் ஸ்பெக்னு ஒரு மெஷின் அத்த. உள்ள இருக்க புரதத்தையெல்லாம் நிறுத்துப் பாத்து இன்னதுன்னு சொல்லிரும். ஒண்ணும் தப்பாது."

ஒன்றும் தப்பவில்லை.

பத்து நாள் கழித்துப் பிரிவுத் தலைவி அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். திரையில் முப்பது பேருக்கும் ஒரே பெயர்தான் முதலில் நின்றது: கெரட்டின். முடியிலும் கம்பளியிலும் இருக்கிற புரதம். அதுவும் ஆட்டுடையது.

"பிள்ளை, உங்கட தோட்டத்தில செம்மறியும் கொழுந்து பறிக்குதோ?"

என் கை தானாகச் சுவெட்டர் பொத்தானைப் பிடித்தது. (ஆமாம், அன்றும் அதேதான்.) அவர் பார்வையும் அங்கேதான் இருந்தது.

"முப்பது பேரிட்டயும் திரும்ப எடுத்துக்கொண்டு வாங்கோ. பிறகு உங்கட வேலையைப் பற்றிக் கதைப்பம்."

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரும் டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டால் வியாதிதான் என்று முடிவே செய்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை ஐந்து வரியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எல்லார் மாதிரியிலும் ஆட்டின் புரதம் இருந்தது என்ற இரண்டாவது வரியைத் தாண்ட விடவில்லை.

"அந்த ஆடு யாருது?" என்றார் ராசாத்தி அத்தை.

"என் சுவெட்டர்ல இருந்தது அத்த."

"எங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அது இன்னும் தெரியாது. இனிமேத்தான் பாக்கணும்."

"சரி, டப்பாவக் குடு." தன் சுவெட்டரைக் கழற்றி வாசல் கம்பியில் தொங்கவிட்டார். அவர்கள் கழற்றத் தேவையில்லை என்றேன்; யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முப்பது சுவெட்டர்கள் தொங்கின. சுவெட்டர் இல்லாத குளிரில் நான் நடுங்கிய நடுக்கத்தில் குழாய்கள் கிலுகிலுத்தன.

இந்தத் தடவை திரையில் ஆடு இல்லை; வேலை நிலைத்தது. பட்டியலில் இப்போது பதினைந்து விதிகள். இன்றும் விடுமுறைக்குப் போனால், நான் லயத்து வரிசைவீட்டு வாசலை மிதிக்குமுன் ராசாத்தி அத்தையின் குரல் எங்கள் வீட்டுக்குள் போய்விடும்:

"மதினி, ஒங்க ஆடு வந்திருச்சு."

உள்ளேயிருந்து அம்மா சொல்வார்: "கழட்டிட்டு வரச் சொல்லு."