கௌசல்யா பெய்ய வைத்த மழை

“இன்னும் எத்தனை நாள் பாக்கி காட்டுது?” என்று செல்வகணேஷ் கேட்டான்.

கௌசல்யா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே “பதினாலு” என்றாள். அந்தப் பதினாலையும் ஒரே மூச்சில் தள்ளிவிடப் போகிறவன் மாதிரி, கையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிக்கொண்டு அவன் மாடிக்கு ஓடினான்.

மலையாளத் தலைநகரின் பட்டம் பகுதியில் எழும்பிக்கொண்டிருந்த ஆறு மாடிக் குடியிருப்புக்கு அவன் ஃபோர்மேன். வள்ளியூர்க்காரன். அவள் கரமனையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆபீஸ் பெண். பதினொன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனதில் இந்த வேலை கிடைத்தது. அந்த 2003-ஆம் வருஷம்தான் சென்னைத் தலைமை அலுவலகம் சைட்டுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்து, ஒவ்வொரு வேலையையும் ஒரு கோடாக அதில் ஏற்றியிருந்தது. எவ்வளவு சுவர் ஏறியது என்று சாயங்காலம் செல்வகணேஷ் வந்து சொல்வான். அவள் அடிப்பாள். கோடு அந்த அளவுக்குப் பச்சையாகும். ஐந்து மணிக்கு மோடம் கீச்சிட்டு அதைச் சென்னைக்கு அனுப்பும்.

சேட்டா, இக்கா என்று சைட்டில் எல்லாரையும் உறவு சொல்லிக் கூப்பிட்டவள், அவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எல்லாக் கோடும் பச்சையானால் ஃபோர்மேனை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என்ஜினீயர் நீலகண்டன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அடுத்த சைட் நெல்லூர். அன்றிலிருந்து, எத்தனை நாள் பாக்கி என்ற அவனுடைய கேள்வி அவளைக் குத்த ஆரம்பித்தது. போவதற்கு இவ்வளவு அவசரமா இந்த ஆளுக்கு?

அன்று சாயங்காலம் ஐந்தாம் மாடிச் சுவர் நூறு சதவீதம் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். அவள் எழுபது என்று அடித்தாள்.

கோடு சிவப்பானது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறந்தது. ஆள் வரவில்லை என்றால் பழி அவன் தலையில் விழும். சாமான் வரவில்லை என்றால் ஸ்டோர்காரர் சண்டைக்கு வருவார். வேலைநிறுத்தம் என்றால் எந்த யூனியன் என்று கேட்கும். மழைக்குப் பரிந்துகொண்டு யாரும் வர மாட்டார்கள். மழை என்று அழுத்தினாள்.

மார்ச் மாதம். வெளியே ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது.

மறுநாளும் மழை பெய்தது. அதற்கடுத்த நாள் பலத்த மழை. செல்வகணேஷிடம் மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னாள். நீலகண்டன் பதினோரு மணிக்கு வருவார். “எந்தா கௌசல்யா, சிஸ்டம் ஓகேயல்லே?” என்று கேட்டு, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபேனைப் பார்த்து உட்காருவார். கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்ததை மனுஷன் படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

ஆறாம் நாள் சென்னையிலிருந்து லாரி வந்தது. தேங்கிய தண்ணீரை இறைக்க இரண்டு பம்புகள். கிணறு வற்றிப்போன சைட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கரும் அதே நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. தண்ணீர் கொட்ட வந்த வண்டியும் தண்ணீர் எடுக்க வந்த வண்டியும் கேட்டில் முட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க, எதை முதலில் உள்ளே விடுவது என்று தெரியாமல் வாட்ச்மேன் மைதீன் இரண்டுக்கும் நடுவே விறைத்து நின்றார்.

பம்பு வந்ததும் கம்ப்யூட்டரில் ‘நீர் இறைப்பு’ என்று புதுக் கோடு ஒன்று முளைத்தது. பொறுப்பு, செல்வகணேஷ். இறைக்காவிட்டால் அதுவும் சிவப்பாகும். ஆகவே கௌசல்யா தினமும் கொஞ்சம் இறைத்தாள். தண்ணீர் வற்றினால் சுவர் ஏறியாக வேண்டுமே. அதனால் மறுபடி மழை பெய்ய வைத்தாள். இவ்வளவு தண்ணீர் நின்றால் அஸ்திவாரம் என்னாகும் என்று சென்னையில் யாருக்கோ கவலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வருவதாக ஃபோன் வந்தது.

வியாழன் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாக் கோடுகளையும் உண்மைக்குக் கொண்டுவந்தாள். மழை விட்டது. வெள்ளம் வடிந்தது. பதினோரு நாள் சுவர் முக்கால் மணி நேரத்தில் எழும்பி நின்றது.

மறுநாள் அந்த அதிகாரி வெங்கடசுப்ரமணியன் கையில் குடையும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. பூட்ஸ் சத்தம் போட ஆறு மாடியும் ஏறி இறங்கினார். சுவரில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் மிச்சம் வைத்தே வேலை முடிந்திருந்தது. அது அவர் கோபத்தை இன்னும் கூட்டியது.

“நேத்து ஒரே மத்தியானத்துல பதினோரு நாள் வேலை நடந்திருக்கு. எப்படிப்பா?”

செல்வகணேஷ் அவர் நீட்டிய அச்சுத் தாளை வாங்கினான். தன் பெயருக்கு நேரே பெய்த மழையை ஒவ்வொரு நாளாகப் படித்தான். பிறகு நிமிர்ந்து கௌசல்யாவைப் பார்த்தான். தான் சொன்னது எது, அவள் அடித்தது எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். நான்தான் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இத்தனை ஆண்களுக்கு நடுவே நின்று அந்த ஏனுக்குப் பதில் சொல்ல அவளால் ஆகாது.

“நான் சொன்னதத்தான் அவங்க அடிச்சாங்க சார்” என்றான் செல்வகணேஷ்.

நினைத்தபடி குறைத்தும் கூட்டியும் சொல்கிற ஆளை நம்பி இனி எதையும் ஒப்படைக்க முடியாது என்றார் வெங்கடசுப்ரமணியன். நெல்லூரில் இன்னொரு ஃபோர்மேனுக்குக் கீழே கொஞ்ச நாள் இருக்கட்டும், சாயங்கால ரயிலுக்கே கிளம்பட்டும். நீலகண்டன் ஃபேனைப் பார்த்தார்.

நாலு மணிக்கு மைதீன் டீ கொண்டுவந்தார். கௌசல்யா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதது தெரிந்துவிட்டது என்று புரிந்ததும், தன்னையே சமாதானம் செய்துகொள்வது போல, “எப்படியும் நெல்லூருக்குத்தானே இக்கா அவ்வளவு அவசரப்பட்டார்?” என்றாள்.

ஹெல்மெட்டையும் ஸ்டோர் சாவியையும் கொடுக்க செல்வகணேஷ் அப்போதுதான் உள்ளே வந்தான். மைதீன் அவனைக் கவனிக்கவில்லை.

“ஆரு சொன்னா? இங்க கட்டப்போற அடுத்த பிளாக்கும் எனக்கே தரணும், நான் இங்கேயே இருந்துக்கிடுதேன்னு எழுதிக் குடுத்திருந்தான் பிள்ளே. குறிச்ச தேதிக்கு முன்னால முடிச்சுக் காட்டு, தாரோம்னாங்க. அதுக்குத்தானே இந்த ஓட்டம் ஓடினான். உங்கிட்ட நான் சொல்லப்படாதாம், ஆர்டர் கையில கிட்டின பெறவு அவனே வந்து சொல்லுவானாம்.”

செல்வகணேஷ் ஹெல்மெட்டை அவள் மேசைமேல் வைத்தான். சாவியை அதன் பக்கத்தில் வைத்தான். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனான்.